ஞாயிறு நண்பகலில் அடுப்படி

கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று நாள்காட்டி சொல்லும். உடல் அதை ஒப்புக்கொள்வதில்லை. சித்திரை 21-இல் தொடங்கி வைகாசி 14 வரை, அதாவது பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரக் காலம். ஆனால், சென்னை முதலான கடற்கரை ஊர்களுக்கு அதற்குப் பிந்தைய வாரங்களும் இரக்கம் காட்டுவதில்லை. சென்னையின் உச்ச வெப்பநிலையாக அறியப்படும் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று; கத்திரி விடைபெற்றுக்கொண்ட பிறகு. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கத் தொடங்கும்போது தமிழகத்துக்கு மழை கிடைப்பதைவிட, வறண்ட மேலைக் காற்றே அதிகம் கிடைக்கிறது. அது கடற்காற்றைக் கரைக்கு வரவிடாமல் தடுத்து நிறுத்துகிறது. நண்பகலில் வரவேண்டிய கடற்காற்று மாலைவரை தாமதித்தால், அந்த இடைப்பட்ட மணிநேரங்களில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும்.

இந்தக் கோடைக் கடைசியில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. மாம்பழ வரத்து இன்னும் குறையவில்லை. பலாக்கொட்டைகள் சேர்ந்திருக்கின்றன. பள்ளி திறக்கும் நாள் நெருங்குவதால் ஊருக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பியிருக்கிறார்கள். அவர்களோடு உறவினர் சிலரும் வந்திருக்கக்கூடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால், நாட்டுப்படகு மீனை எட்டா விலையில் வாங்க மனமில்லாதவர்கள் கறிக்கடை வரிசையில் நிற்கிறார்கள். வரிசை நகர்ந்து, இறைச்சி வீடு வந்து சேரும்போது மணி ஒன்பதரை. அதன்பிறகு கழுவி, மசாலா அரைத்து, வதக்கி, வேகவைத்து, பரிமாறும்போது மணி இரண்டு. இதில் யாருக்கும் எந்த வியப்பும் இல்லை. விடுமுறை நாளின் சாப்பாடு அப்படித்தான்.

இதே வீட்டில் வாரநாள்களில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைக்கப்படுகிறது. சிற்றுண்டியும் மதியத்துக்கான டப்பாச் சோறும் எட்டு மணிக்குள் ஆயத்தம். அவரவர் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போனபின் அடுப்படியில் நெருப்பு இல்லை. அவசரமும் அலுப்பும் நிறைந்த ஏற்பாடு அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெப்பத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான ஏற்பாடு. நாளின் மிகக் குளிர்ந்த நேரத்திலேயே பெருஞ்சமையல் முடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோரும் தாமதமாக எழுகிறார்கள். எனவே எல்லாம் மூன்று, நான்கு மணிநேரம் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் பூரியோ தோசையோ கேட்கிறார்கள். தோசைக்கல்லின் குணம் நாம் அறிந்ததே: ஐந்து பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் பதினைந்து தோசை, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் அரைமணி நேரம் கல்லைவிட்டு நகர முடியாது. அது முடிந்த கையோடு மதியச் சமையல். ஆக, வீட்டில் உள்ள அனைவருக்கும் ஓய்வு தரும் அந்த ஒரு நாள், சமைப்பவரை மட்டும் வெயிலின் உச்சியிலேயே அடுப்பின் முன் நிறுத்துகிறது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெப்ப அலைக் காலத்துக்கென வெளியிட்டுள்ள அறிவுரைகளில் நாம் அடிக்கடி கேள்விப்படுபவை சில: நண்பகலில் வெளியே செல்லாதீர், நீர் அருந்துங்கள், பருத்தி உடை அணியுங்கள். அதே பட்டியலில் அதிகம் பேசப்படாத இன்னொன்றும் இருக்கிறது. வெப்பம் உச்சத்தில் இருக்கும் வேளையில் சமையலைத் தவிர்க்க வேண்டும். சமைக்கும் இடத்தின் கதவு, சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்பதே அது. வெளியே செல்ல வேண்டாம் என்ற அறிவுரையைக் கேட்டு வீட்டுக்குள் இருப்பவர்களுக்காகவே, இந்த இரண்டாவது அறிவுரை ஞாயிறுதோறும் மீறப்படுகிறது.

சமையலறைச் சூடு என்பதைச் சலிப்பான புலம்பலாகக் கருதிக் கடந்துபோவது நம் வழக்கம். அதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 12 முதல் 13 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் வெளிப்படும். விருந்தினர் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இரண்டு அடுப்புகள் மாறிமாறி எரிந்து அரை கிலோ எரிவாயு செலவாகிறது என்று கொள்வோம். 2,000 வாட் திறனுள்ள அறை சூடேற்றி ஒன்றை மூன்று மணிநேரம் இயக்கியதற்கு ஒப்பானது இது. உதகமண்டலத்து விடுதிகளில் டிசம்பர் மாதத்தில் வைத்திருக்கிறார்களே, அந்தக் கருவிதான். அதை ஜூன் மாதச் சென்னையில், எட்டுக்கு எட்டு அடி அறையில் வைத்து, அருகில் ஒருவரை நிற்கச் சொல்கிறோம். நம் அடுப்புகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் வேண்டுவது குறைந்தது 68 விழுக்காடு வெப்பத்திறன். அதாவது நல்ல அடுப்பிலும் மூன்றில் ஒரு பங்கு வரை வெப்பம் பாத்திரத்துக்குள் போகாமல் நேரே அறைக்குள் வருகிறது. பாத்திரத்துக்குள் போனதும் ஆவியாகவும் சட்டியின் சூடாகவும் பெருமளவு அறைக்கே திரும்புகிறது.

வெப்பத்தைவிடக் கொடியது ஈரம். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது என்பது பலருக்குத் தெரியாது. அடுப்பில் எந்தப் பாத்திரமும் இல்லாவிட்டாலும் உண்டாகும். ஒரு கிலோ எரிவாயுவுக்கு ஏறத்தாழ 1.6 லிட்டர் நீர். மேலே சொன்ன அரை கிலோவுக்கு முக்கால் லிட்டருக்கும் சற்று அதிகம். சோறு கொதிக்கும் ஆவி, குக்கர் விடும் விசில், ரசத்தின் நுரை எல்லாம் அதற்கு மேல். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொள்வதால் உடல் குளிர்வதில்லை. இந்த இடத்தில் மின்விசிறி உதவ வேண்டும். ஆனால் விசிறியைப் போட்டால் அடுப்புச் சுடர் அலைபாயும், அணைந்தும் போகலாம். ஆகவே வீட்டிலேயே விசிறி இல்லாத ஒரே அறையாக, அல்லது இருந்தும் நிறுத்தப்பட்ட அறையாக, மிகச் சூடான அறையே இருக்கிறது.

இந்த வெப்பம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வானிலைத் துறை சொல்லும் 40 டிகிரி என்பது நிழலில், காற்றோட்டமான வெண்ணிறப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டும் அளவு. சமவெளியில் அது 40-ஐத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சே தொடங்கும். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் ஆணையிட்டது. வரவேற்க வேண்டிய முன்னோடி நடவடிக்கை. ஆனால் நம் மனக்கண்ணில் வெப்பத்தால் பாதிக்கப்படுபவர் எப்போதும் சாலைப் பணியாளர், கட்டடத் தொழிலாளி, போக்குவரத்துக் காவலர். அவர்கள் படும் பாட்டைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அறுபது வயதில், இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, கதவு மூடிய சமையலறையில் பிரியாணி தம் போடும் ஒரு பெண்மணி மயங்கி விழுந்தால், 'காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால்தான்' என்று வீடே காரணம் கண்டுபிடித்துவிடும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உள்ள பெண்களுக்கு உடலுக்குள்ளிருந்தே அனல் எழுவதுண்டு. அவர்களுக்கு இந்த வாரங்களின் அடுப்படி என்னவாக இருக்கும் என்பதை அவர்களே வெளியில் சொல்வதில்லை.

பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. கொல்லைப்புறத்தை ஒட்டி, கிணற்றடிக்குப் பக்கத்தில், ஓட்டுக்கூரையில் புகைபோக வழிவிட்டுக் கட்டப்பட்ட அடுப்படிகளில் காற்று நகர்ந்தது. அரிவாள்மனையும் அம்மியும் தரையில் இருந்ததால் பாதி வேலை உட்கார்ந்தபடி நடந்தது. சூடான காற்று மேலே எழும் என்பதால் தரையில் இருப்பவருக்குச் சற்றே ஆறுதல். ஆனால் விறகுப் புகையில் கண்ணெரிந்து, இருமி, நெஞ்சு கெட்ட தலைமுறையும் அதே அடுப்படியில்தான் இருந்தது. கடைசி ஆளாகச் சாப்பிட்டதும் அவர்களே. எனவே அந்தக் காலத்தை ஏங்கிப் பாடுவதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் காலத்திடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது வேறொன்று: நேரம் பற்றிய அறிவு. வடகத்துக்குக் கூழ் கிண்டுவது எவ்வளவு கடினமான, அனல் நிறைந்த வேலை என்பது கிண்டியவர்களுக்குத் தெரியும். அதை யாரும் பகல் பதினொரு மணிக்குச் செய்ததில்லை. விடியலுக்கு முன்பே எழுந்து கிண்டி, சூரியன் ஏறுவதற்குள் மாடியில் துணிவிரித்துப் பிழிந்து முடித்துவிடுவார்கள். அதன்பிறகு வெயிலே வேலை செய்யும். சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர்மிளகாய், மாங்காய் வற்றல் யாவும் இந்த முறையில் உருவானவை. சூரியனின் வெப்பத்தைச் சேமித்துவைத்து, பிற்பாடு அடுப்பெரிக்கும் நேரத்தைக் குறைக்கும் உத்தி அது. கோடைக் கடைசியில் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் இலையில் வந்ததற்கு நாவின் சுவை மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது. காய்கறி அருகிய காலம், நெருப்பைக் குறைக்க வேண்டிய காலம். இரவில் வடித்த சோற்றில் நீரூற்றிக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்பதும் அதே வகையைச் சேர்ந்தது. மாவு அரைத்துவைத்து இரவெல்லாம் புளிக்கவிடுவதும் அப்படியே. கோடையில் மாவு ஐந்தாறு மணிநேரத்திலேயே பொங்கிவிடுகிறது என்பது ஒன்றுதான் அங்கே எச்சரிக்கை. மாலையில் அரைத்து வெளியே வைத்தால் விடிவதற்குள் புளித்துத் தள்ளிவிடும். இரவு தாமதமாக அரைப்பதோ, பாதி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதோ நல்லது.

அடுப்பின் முன் நிற்பவர் யார் என்ற வினாவைத் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலைகளில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபட்டவர்களிலும் பெண்கள் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர்; ஆண்கள் 97 நிமிடங்கள். இவை இந்தியா முழுமைக்குமான கணக்கு. இந்த 299 நிமிடங்கள் நாளின் எந்தப் பகுதியில் விழுகின்றன, அப்போது அறையின் வெப்பம் என்ன என்பதையும் யாராவது அளந்தால் வெப்பம் பற்றிய நம் கொள்கைகள் வேறு வடிவம் பெறும்.

தொழிற்சாலைச் சட்டம் (1948) வாரத்தின் முதல் நாளை விடுமுறையாக வரையறுத்தது. 2021-இல் தமிழகம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திப் பணியாளர் உட்கார்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. வீட்டுச் சமையலறைக்கு இந்த இரண்டும் பொருந்தாது. எந்தச் சட்டமும் அங்கே நுழைய முடியாது, நுழையவும் வேண்டியதில்லை. ஒரு நாற்காலி அல்லது உயரமான முக்காலியை வீட்டார் தாமாகவே அங்கே போடலாம். வெங்காயம் உரிக்கவும் கீரை ஆயவும் பூண்டு தோலுரிக்கவும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. விசிறியுள்ள கூடத்தில் நாலுபேர் உட்கார்ந்து பேசியபடி செய்யும் வேலைகள் அவை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆண்கள் சமைப்பது நகர வீடுகளில் பெருகிவருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஒரு சிறு முணுமுணுப்பு. இந்தச் சமையல் பெரும்பாலும் விழாவைப் போல நடக்கிறது: வீட்டிலுள்ள அத்தனை பாத்திரங்களும் பயன்படுத்தப்பட்டு, மதியம் இரண்டரைக்குப் பாராட்டுகளோடு முடிந்து, கழுவும் தொட்டி நிரம்பிக் கிடக்கிறது. அதைக் கழுவுபவர் வழக்கமானவரே. வெளியிலிருந்து வரவழைப்பது இன்னொரு தீர்வாகத் தோன்றும். அப்போது அனல் மறைவதில்லை; உணவகத்தின் பின்புறச் சமையற்கட்டுக்கும், ஒரு மணி வெயிலில் தார்ச்சாலையில் வண்டியோட்டி வரும் இளைஞருக்கும் இடம் மாறுகிறது. அவ்வப்போது செய்யலாம், வாரந்தோறும் அதையே வழியாகக் கொள்ள எல்லா வீடுகளுக்கும் வசதியும் இல்லை.

கட்டடங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வாழறை ஒன்றுக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது. சாப்பிடும் இடம் தனியாக இருந்தால் சமையலறைக்கு 5 சதுர மீட்டர் போதும். அடுக்குமாடிகளைக் கட்டுவோர் இந்தக் குறைந்த அளவையே நிறைந்த அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிறிய அறையின் சன்னலும் பல வீடுகளில் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிறது, அல்லது துணி துவைக்கும் இயந்திரம் வைத்த தடுப்புக்குள் திறக்கிறது. காற்றை வெளியேற்றும் விசிறியைச் சமைக்கத் தொடங்கும்போதே போட்டு, முடிந்த பிறகும் கால்மணி நேரம் ஓடவிட்டால் ஈரம் ஓரளவு வெளியேறும். தாளிக்கும்போது மட்டும் போட்டு நிறுத்துவது பயன்படாது. உள்ளே வர மாற்றுக்காற்றுக்கு எதிர்ப்புறம் ஒரு சன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

இண்டக்சன் அடுப்பு இங்கே கருதத்தக்கது. அதில் வெப்பம் பாத்திரத்தின் அடியிலேயே உண்டாவதால் அறைக்குள் வீணாவது குறைவு. எரிதல் இல்லாததால் அதிலிருந்து பிறக்கும் நீராவியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சுடர் இல்லை என்பதால் தலைக்கு மேல் விசிறியைச் சுழலவிடலாம். அலுமினியம், மண்சட்டி, ஈயச்சொம்பு போன்றவை அதில் ஏறாது. மின்கட்டணமும் பார்க்க வேண்டும். முழுச் சமையலையும் மாற்றாமல், நீர் காய்ச்சுவது, பருப்பு வேகவைப்பது, பால் காய்ச்சுவது ஆகியவற்றை மட்டும் அதற்கு மாற்றினாலே கோடையில் வேறுபாடு தெரியும்.

ஆனால் காசே செலவில்லாத வழி நேரத்தை மாற்றுவது. அங்கே ஒரு நியாயமான தயக்கம் எழும்: காலையிலேயே சமைத்துவைத்தால் மதியத்துக்குள் கெட்டுவிடாதா? கெடக்கூடும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது பொதுவிதி. அறை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணிநேரமே வரம்பு. குறிப்பாகச் சோற்றில், வேகவைத்தும் சாகாத ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் இருக்கும். வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகும். அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் நீங்குவதில்லை. எனவே எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுங்கள் என்று சொல்வது பொறுப்பற்ற அறிவுரையாகும். தேங்காய் அரைத்த கூட்டும் அவியலும் சீக்கிரம் ஊசிப்போகும். புளி ஊற்றிச் சுண்டவைத்த குழம்புக்குத் தாங்குதிறன் சற்று அதிகம். கொதிக்கக் கொதிக்கச் சூடுகாக்கும் பாத்திரத்தில் மூடிவைத்து 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் காத்தால் சிக்கலில்லை. அல்லது விரைவாக ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். குழம்பையும் கறியையும் முற்பகலிலேயே முடித்து இவ்வாறு காத்துக்கொண்டு, சோற்றை மட்டும் சாப்பிடும் முன் வைத்தால், மூன்று மணிநேர நெருப்பு இருபது நிமிடமாகச் சுருங்கும்.

இன்னும் எளிதான ஒன்று உண்டு. காலையில் பத்து மணிக்கே முழுச் சாப்பாடு, பிற்பகலில் சிற்றுண்டி என்பது அலுவலகம் போவோர் பலரின் குடும்பங்களில் ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது. இன்றைய ஞாயிற்றுக்கிழமைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஒன்பது மணிச் சிற்றுண்டியை நீக்கிவிட்டு, எழுந்ததும் பழமோ பழைய சோறோ எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம். இரண்டு சமையல் ஒன்றாகும். சமைத்த சூடு ஆறுவதற்குள் உண்பதால் ஊசிப்போகும் அச்சமும் இல்லை. உச்சி வெயில் நேரத்தில் அடுப்படி அணைந்து கிடக்கும். மாலை நான்கு மணிக்குப் பசித்தால் வேகவைத்த பலாக்கொட்டை, மாம்பழம், மோர். இந்த ஏற்பாட்டில் மிக முக்கியமான ஆதாயம் வேறொன்று: மூன்று மணிநேரம் அனலில் நின்றவருக்குப் பசியே எடுப்பதில்லை, அனைவருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ஒரு கரண்டி மோர்ச்சோற்றோடு எழுந்துவிடுகிறார் என்பதை நாம் எல்லா வீடுகளிலும் பார்க்கிறோம். பதினொரு மணிக்கு அவருக்கும் பசிக்கும்.

ஜூன் 15-இலிருந்து விசைப்படகுகள் கடலுக்குள் போகத் தொடங்கும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வரத்து பெருகும், விலையும் இறங்கும். மீன் குழம்புக்கு மாங்காய் இன்னும் கிடைக்கும் காலம் அது. புளியையும் மிளகாய்த்தூளையும் முதல்நாள் இரவே எடுத்துவைத்து, காலை ஏழு மணிக்குள் மீன் வீட்டுக்கு வந்து, வாங்கிவந்தவரே செதிலெடுத்துக் கழுவியும் கொடுத்துவிட்டால், ஒன்பது மணிக்குக் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். அதற்குச் சந்தைக்குப் போகிறவர் ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும். அது யார் என்பதைச் சனிக்கிழமை இரவே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.